நஞ்சுண்ட பட்டாம்பூச்சி

குட்டிகளா, முதலில் ஒரு கேள்வி. அவசரப்படாமல் யோசியுங்கள்.

பச்சை வெட்டுக்கிளி பச்சைப் புல்லில் உட்கார்ந்தால் நம் கண்ணுக்குத் தெரிகிறதா? லேசில் தெரியாது. ஓணான் மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டால் அது பட்டையா, ஓணானா என்று குழப்பமாக இருக்கும். பறவைக்கோ பாம்புக்கோ இரையாகாமல் இருக்க அவை அப்படி ஒளிந்துகொள்கின்றன. இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. நல்ல ஆரஞ்சு நிறம். அதன்மேல் கறுப்புக் கோடுகள். ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகள். திறந்த வெளியில், பட்டப்பகலில், அவசரமே இல்லாமல் மிதந்து போகும். எந்தப் பறவையும் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். பறந்து தப்பிக்கிற வேகமும் அதற்குக் கிடையாது.

அப்படியானால் அது ஏன் ஒளிந்துகொள்ளவில்லை? அதற்குப் பயம் இல்லையா?

"அதானே!" என்று உங்களில் யாராவது சொல்லியிருந்தால், அவருக்கு என் சபாஷ். பெரிய பெரிய விஞ்ஞானிகள் இதே கேள்வியில்தான் தொடங்கினார்கள்.

இந்தப் பட்டாம்பூச்சியின் பெயர் மோனார்க். வட அமெரிக்காதான் இதற்குப் பேர்போன ஊர். சிறகை விரித்தால் பத்து சென்டிமீட்டர் வரை இருக்கும். எடையோ அரை கிராம்தான். அந்த அரை கிராம் உயிர் செய்கிற காரியங்களைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். முட்டையிலிருந்தே தொடங்குவோம்.

தாய் மோனார்க் கண்ட செடியில் முட்டையிடாது. மில்க்வீட் என்ற செடிதான் வேண்டும். அது நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கிள்ளினால் எருக்கைப் போலவே பால் வடியும். சரியான செடிதானா என்று தாய்க்கு எப்படித் தெரியும்? இலைமேல் உட்கார்ந்து காலால் தட்டிப் பார்க்கும். பட்டாம்பூச்சிக்குக் காலிலும் ருசி தெரியும். கால் "இதுதான்" என்று சொன்ன பிறகு, பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டும். பிறகு அடுத்த செடிக்குப் போய்விடும். குண்டூசித் தலை அளவுதான் அந்த முட்டை.

நாலைந்து நாளில் புழு வெளியே வருகிறது. முதல் சாப்பாடு அதன் முட்டை ஓடுதான். அடுத்தது இலை. ஆனால் அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது.

மாங்காயைக் காம்போடு ஒடித்துக் கடித்திருக்கிறீர்களா? காம்பிலிருந்து வடிகிற பால் உதட்டில் பட்டால் எப்படி எரியும்! மறுநாள் அந்த இடம் புண்ணாகிவிடும். மாமரம் தன் பிஞ்சைக் காப்பாற்ற வைத்திருக்கும் காவல் அது. மில்க்வீட் செடியின் பாலும் அதே மாதிரி ஒரு காவல்தான். ஆனால் இங்கே கடிக்கிறவனின் உடம்பே எள்ளைவிடச் சிறியது. ஒரு சொட்டுப் பால் அதற்கு ஒரு குளம். அந்தப் பால் பசையாகி வாயை ஒட்டிவிடும். பிறந்த முதல் நாளிலேயே வாய் ஒட்டிப்போய்ச் சாகும் மோனார்க் புழுக்கள் பல.

பிழைக்கிற புழுக்கள் என்ன செய்கின்றன தெரியுமா? குட்டிப் புழு, இலையில் தன்னைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் கடிக்கிறது. பால் வரும் குழாய்கள் அறுந்துபோகின்றன. அதன்பின் வட்டத்துக்குள் இருக்கும் இலைக்குப் பால் வராது. நிம்மதியாகத் தின்னலாம். கொஞ்சம் வளர்ந்த புழு இலைக்காம்பையோ நடு நரம்பையோ கடித்துவிடும். இலை தொங்கிவிடும். மொத்த இலையிலும் பால் நின்றுபோகும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பிறவியிலேயே வருகிற அறிவு இது.

இதுவரை புரிந்ததா? செடி பால் வைத்துத் தடுக்கிறது. புழு குழாயை அறுத்துவிட்டுத் தின்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. குழாயை அறுத்தாலும் இலைக்குள் நஞ்சு மிச்சம் இருக்கும். கார்டெனோலைடு என்று அந்த நஞ்சு வகைக்குப் பெயர். அது இதயத்தைத் தாக்கும். ஆடு மாடுகள் இந்தச் செடியை அதிகம் தின்றால் செத்தே போகலாம்.

அது எப்படித் தாக்குகிறது என்று சொல்கிறேன். இந்தப் பத்தியை மட்டும் மெதுவாகப் படியுங்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வில் மிகமிகச் சின்ன பம்புகள் இருக்கின்றன. அவை சோடியத்தை வெளியே தள்ளும். பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ராத்திரி பகல் ஓயாது. இந்த வேலை நடந்தால்தான் இதயம் துடிக்கும், நரம்பு செய்தி சொல்லும். கார்டெனோலைடு போய் அந்தப் பம்பில் மாட்டிக்கொள்ளும். பம்பு நின்றுவிடும். அவ்வளவுதான் நஞ்சின் வேலை.

மோனார்க்கின் செல்லிலும் அதே பம்பு உண்டு. ஆனால் நஞ்சு வந்து மாட்டும் இடத்தில் மட்டும் அதன் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அதனால் நஞ்சுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பம்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சின்ன மாற்றம்தான் காரணம் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? 2019இல் விஞ்ஞானிகள் ஓர் அழகான சோதனை செய்தார்கள். வாழைப்பழத்தை மொய்க்குமே, குட்டி குட்டியாகப் பழ ஈ, அதை எடுத்துக்கொண்டார்கள். மில்க்வீட் நஞ்சு அந்த ஈக்கு ஆகாது. அதன் மரபணுவில், மோனார்க்குக்கு இருப்பது போலவே மூன்றே மூன்று மாற்றங்களைச் செய்தார்கள். பிறகு நஞ்சு கலந்த உணவைக் கொடுத்தார்கள். ஈ தாங்கிக்கொண்டது. அதன் உடம்பில் கொஞ்சம் நஞ்சு தங்கவும் செய்தது, மோனார்க்குக்குத் தங்குவது போலவே. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும். கேள்வி சின்னது, விடை தெளிவு.

ஆக, நம் புழு நஞ்சைத் தின்கிறது, சாகவில்லை. வளர்கிறது. எப்படி வளர்கிறது தெரியுமா? இரண்டே வாரத்தில், பிறந்தபோது இருந்த எடையைப் போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு ஆகிறது. நடுவில் பலமுறை தோலை உரித்துப் போடுகிறது. உடம்பெல்லாம் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகள். அதுவும் ஒளிந்துகொள்கிற நிறம் இல்லை, கவனித்தீர்களா?

தின்ற நஞ்சை அது வெளியே தள்ளிவிடுவதில்லை. உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. ஒருநாள் ஏதாவது ஒரு மறைவிடத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. தோல் கிழிகிறது. உள்ளே இருந்து பச்சை நிறக் கூட்டுப்புழு வெளிப்படுகிறது. அதன் மேல் தங்கப் பொட்டு வைத்தது போலப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் கூடு கறுத்து, கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே ஆரஞ்சுச் சிறகு மடிந்திருப்பது தெரியும். பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் சிறகு கசங்கிக் கிடக்கும். உடம்பிலுள்ள திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி அதை விரிக்கும். கொஞ்ச நேரம் காயவைக்கும். பிறகு பறக்கும்.

இப்போது அதன் உணவு பூந்தேன்தான். இலை தின்ன வாயே கிடையாது. ஆனால் புழுவாக இருந்தபோது சேர்த்த நஞ்சு? அது அப்படியே கூட வருகிறது. சிறகில்கூட இருக்கிறது.

சரி, நம் முதல் கேள்விக்கு வருவோம். பறவைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

லிங்கன் பிரவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட பறவை நீல ஜே. நம் காக்கையின் சொந்தக்காரப் பறவை, கெட்டிக்காரப் பறவை. அவரும் அவருடன் இருந்தவர்களும் மோனார்க் புழுக்களில் சிலவற்றை முட்டைக்கோஸ் தின்று வளரும்படி செய்தார்கள். அது லேசான வேலை இல்லை. மோனார்க் புழு முட்டைக்கோஸை ஏறெடுத்தும் பார்க்காது. பொறுமையாகப் பழக்கினார்கள். முட்டைக்கோஸில் அந்த நஞ்சு கிடையாது. ஆகவே அதில் வளர்ந்த பட்டாம்பூச்சியிலும் நஞ்சு இல்லை. பார்க்க மட்டும் அசல் மோனார்க்.

நீல ஜேக்கு அதைக் கொடுத்தார்கள். தின்றது. இன்னொன்று கொடுத்தார்கள். அதையும் தின்றது.

அடுத்து, மில்க்வீட் தின்று வளர்ந்த மோனார்க்கைக் கொடுத்தார்கள். அதையும் தின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டது. தலையை ஆட்டியது. வாந்தி எடுத்தது, திரும்பத் திரும்ப. பிறகு உடம்பு தேறிவிட்டது. சாகவில்லை.

அதன்பின் மோனார்க்கைக் காட்டினால்? கிட்டவே வரவில்லை! நஞ்சு உள்ளதா, இல்லாததா என்று பார்க்கவில்லை. அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்ததுமே போதும் என்றாகிவிட்டது. இந்தச் சோதனையின் படங்கள், பறவை வாந்தியெடுக்கும் படம் உள்பட, 1969இல் ஒரு பெரிய அறிவியல் இதழில் வெளியாயின.

இப்போது நீங்களே சொல்லுங்கள். நிறம் மங்கலாக இருந்தால் பறவைக்கு ஞாபகம் இருக்குமா? எந்தப் பூச்சியால் வயிறு கலங்கியது என்றே தெரியாது. மறுநாளும் பிடித்துத் தின்னும். பளிச்சென்று இருந்தால்தான் மனதில் நிற்கும். மோனார்க் ஒளிந்துகொள்ளாததற்குக் காரணம் இதுதான். அது தன்னைப் பார்க்கச் சொல்கிறது. பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

"பறவை பாடம் கற்பதற்குள் ஒரு பட்டாம்பூச்சி செத்துவிட்டதே?" என்று ஒரு குரல் கேட்கிறது. நல்ல கேள்வி. ஆமாம், சிலது சாகும். ஆனால் எப்போதும் இல்லை. சிறகைக் கொத்தியதுமே கசப்புத் தெரியும். பறவை விட்டுவிடும். சிறகில் அலகு பட்ட தடத்தோடு பறந்து திரியும் மோனார்க்குகள் உண்டு. கிழிந்த சிறகோடு உயிர் பிழைத்துவிடுகின்றன.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அமெரிக்காவில் வைஸ்ராய் என்று ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. மோனார்க்கை அச்சு எடுத்தது போல இருக்கும். அதன் புழு தின்பது வில்லோ மரத்து இலை. "இது நஞ்சில்லாத பூச்சி, மோனார்க்கின் வேஷம் போட்டுப் பறவையை ஏமாற்றுகிறது" என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். 1991இல் பிரவரும் அவருடைய மாணவராக இருந்த டேவிட் ரிட்லண்டும் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பூச்சிகளின் சிறகையும் எடுத்துவிட்டு, உடம்பை மட்டும் பறவைகளுக்குக் கொடுத்தார்கள். பறவைகள் வைஸ்ராயையும் வேண்டாம் என்றன! அதுவும் ருசி கெட்டதுதான். இரண்டும் ஒரே சீருடை போட்டிருப்பதால் இரண்டுக்குமே லாபம். பறவை எதைக் கொத்திப் பாடம் கற்றாலும் மற்றதையும் விட்டுவிடும். பாடப்புத்தகத்தில் இருந்ததையே மறுபடி சோதித்துப் பார்த்தார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் நஞ்சு இருந்துவிட்டால் எல்லாரிடமிருந்தும் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எறும்பு முட்டையைத் தூக்கிப்போகும். குளவி புழுவைக் கொண்டுபோகும். சிலந்தி காத்திருக்கும். ஒருவகை ஈ, புழுவின்மேல் முட்டையிட்டு, தன் குஞ்சுகளை அதற்குள்ளேயே வளரவிடும். நூறு முட்டையில் பத்துகூடப் பட்டாம்பூச்சியாகத் தேறுவதில்லை.

தேறியவை செய்யும் பயணத்தைப் பற்றி இனிமேல்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கோடைக்காலத்தில் பிறக்கும் மோனார்க் சில வாரங்கள்தான் வாழும். முட்டையிடும், போய்விடும். ஆனால் கோடை முடிகிறபோது பிறப்பவை வேறு மாதிரி. பகல் குறுகுவதையும் இரவு குளிர்வதையும் அவற்றின் உடம்பு உணர்கிறது. அவை உடனே முட்டையிடுவதில்லை. தேனைக் குடித்துக் குடித்துக் கொழுப்பைச் சேர்க்கின்றன. எட்டு மாதம்வரை, அதற்கு மேலும்கூட, உயிர் வாழ்கின்றன. அந்தத் தலைமுறைதான் பயணம் போகும் தலைமுறை.

எங்கே போகின்றன? கனடாவின் தெற்குப் பகுதியிலிருந்தும் அமெரிக்காவின் வடக்கிலிருந்தும் கிளம்பி, மெக்சிகோவின் மலைகளுக்கு. சில பூச்சிகள் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகின்றன. ராக்கி மலைகளுக்கு மேற்கே இருக்கும் மோனார்க்குகளில் பெரும்பாலானவை கலிபோர்னியாவின் கடலோரத்துக்குப் போகின்றன. அவற்றுக்குப் பயணம் குறைவு.

அத்தனை தூரமும் சிறகடித்துக்கொண்டே போக முடியாது. சூடான காற்று மேலே எழும் இடத்தைப் பிடித்து, அதில் சுற்றிச் சுற்றி உயரே ஏறும். பிறகு சிறகை அசைக்காமல் தெற்கு நோக்கிச் சறுக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேலேகூடப் பறந்ததைக் கிளைடர் ஓட்டிகள் பார்த்திருக்கிறார்கள். இரவில் மரத்தில் தங்கும். பகலில் பூ கண்ட இடத்தில் குடிக்கும். போகும் வழியெல்லாம் இப்படிக் குடிப்பதால், இத்தனை தூரம் பறந்த பிறகும் நல்ல கொழுப்போடுதான் மெக்சிகோவில் போய் இறங்குகின்றன!

வழி எப்படித் தெரிகிறது? இதற்கு முன் அந்த மலைக்கு அவை போனதே இல்லை. அப்பா அம்மாவும் போனதில்லை. போய்வந்தது கொள்ளுப்பாட்டிதான். அவள் எப்போதோ இறந்துவிட்டாள்.

அவை சூரியனைப் பார்த்துத் திசை அறிகின்றன. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாளைக்குப் பள்ளி மைதானத்தில் தெற்குப் பார்த்து நின்று பாருங்கள். காலை மணி அடிக்கும்போது சூரியன் உங்கள் இடப்பக்கம் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் மணி அடிக்கும்போது வலப்பக்கம் இருக்கும். நீங்கள் அதே இடத்தில், அதே திசையைப் பார்த்துத்தான் நிற்கிறீர்கள். சூரியன்தான் நகர்ந்துவிட்டது. ஆகவே சூரியன் இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. மணி என்ன என்றும் தெரிய வேண்டும். புரிகிறதா? புரியாவிட்டால் மைதானத்தில் நின்று பார்த்துவிட்டு மறுபடி படியுங்கள்.

அப்படியானால் மோனார்க்கிடம் கடிகாரம் இருக்க வேண்டுமே? இருக்கிறது! அதன் உணர்கொம்புகளில். 2009இல் இதைச் சோதித்தார்கள். சில பூச்சிகளின் உணர்கொம்புகளில் கறுப்புப் பெயின்ட் பூசினார்கள். வெளிச்சம் உள்ளே போகாது. வேறு சிலவற்றுக்கு நிறமில்லாத பெயின்ட் பூசினார்கள். நிறமில்லாத பெயின்ட் பூசிய பூச்சிகள் ஒழுங்காகத் தெற்கே போகப் பார்த்தன. கறுப்புப் பூசியவற்றுக்குத் திசை தவறிவிட்டது. வெளிச்சம் படாததால் அவற்றின் கடிகாரம் நேரம் பிசகிப்போனது. எதற்காக நிறமில்லாத பெயின்ட் பூசினார்கள் என்று யோசித்தீர்களா? பெயின்டின் பாரமோ வாசனையோ தொந்தரவு செய்யவில்லை, வெளிச்சம் போகாததுதான் காரணம் என்று உறுதியாகத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான். நல்ல சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ராக்கி மலைகளுக்குக் கிழக்கே இருக்கும் மோனார்க்குகள் போய்ச் சேரும் இடம் எது என்று வெளியுலக விஞ்ஞானிகளுக்கு 1975 வரை தெரியாது. கனடாவில் ஃபிரெட் அர்க்கர்ட் என்று ஒருவர் இருந்தார். சிறுவனாக இருந்தபோதே அவருக்கு ஒரு கேள்வி. "பனிக்காலத்தில் இந்தப் பூச்சிகள் எங்கே போகின்றன?" வளர்ந்து பேராசிரியர் ஆன பிறகும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. அவரும் அவர் மனைவி நோராவும் பட்டாம்பூச்சிச் சிறகில் ஒட்டுவதற்குக் குட்டியாக ஒரு சீட்டைச் செய்தார்கள். முதலில் செய்தது மழையில் நனைந்து உதிர்ந்தது. விடாமல் வேறு வகை செய்து பார்த்தார்கள். கண்டெடுத்தவர் திருப்பி அனுப்புவதற்கு அதில் முகவரி இருந்தது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் சீட்டு ஒட்ட முன்வந்தார்கள். கிடைத்த சீட்டுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது எல்லாம் தென்மேற்கே, மெக்சிகோ பக்கம் கைகாட்டின.

அங்கே தேடிப்போனவர்கள் கென் புருகர், கத்தலீனா அகுவாதோ என்ற இருவர். 1975 ஜனவரியில் செர்ரோ பெலோன் என்ற மலையில் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். ஓயாமெல் என்ற ஊசியிலை மரங்கள். மரம் முழுக்கப் பட்டாம்பூச்சிகள். தண்டு தெரியவில்லை, கிளை தெரியவில்லை. அந்த வட்டாரத்து மக்களுக்கு அவை புதியவை இல்லை. ஆண்டுதோறும் நவம்பர் தொடக்கத்தில், இறந்த முன்னோரை நினைத்து அவர்கள் கும்பிடும் நாளையொட்டி இந்தப் பூச்சிகள் வரும். முன்னோரின் ஆன்மாதான் திரும்பி வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

அடுத்த ஆண்டு அர்க்கர்ட் தம்பதியரும் மலையேறினார்கள். அப்போது பாரம் தாங்காமல் ஒரு கிளை ஒடிந்து விழுந்தது. அரை கிராம் பூச்சிதான். ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தால் கிளை தாங்குமா? கீழே சிதறிய பூச்சிகளுக்கு நடுவே ஒன்றின் சிறகில் வெள்ளைச் சீட்டு! அது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், 2,800 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒட்டப்பட்டது. ஒட்டியவர்கள் யார் தெரியுமா? ஓர் ஆசிரியரும் அவருடைய இரண்டு பள்ளி மாணவர்களும். உங்களைப் போன்ற பிள்ளைகள்! பேராசிரியரின் நாற்பது ஆண்டுக் கேள்விக்குக் கையில் பிடித்துப் பார்க்கும் சாட்சியைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அந்தக் காடு ஏன் அவற்றுக்கு வேண்டும்? அங்கே குளிர் இருக்கிறது. ஆனால் உயிரைக் கொல்லும் அளவுக்கு இல்லை. குளிரில் பூச்சி அசையாமல் இருக்கும். சேர்த்த கொழுப்பு வீணாகாது. மேலே அடர்ந்த இலைகள் பனியையும் மழையையும் தடுக்கும். இது ரொம்ப முக்கியம். உலர்ந்த பூச்சி தாங்கிக்கொள்கிற குளிரை நனைந்த பூச்சியால் தாங்க முடியாது, உறைந்துவிடும். 2002 ஜனவரியில் அப்படித்தான் ஆனது. மழை பெய்து, உடனே கடுங்குளிரும் வந்தது. கோடிக்கணக்கில் செத்து விழுந்தன. மரத்தை வெட்டினால் காட்டுக் கூரையில் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாகத்தான் மழையும் குளிரும் இறங்கும்.

அங்கே இன்னொரு செய்தியும் உண்டு. பறவைகள் அங்கேயும் இருக்கின்றன, அவற்றில் இரண்டு வகை மோனார்க்கைத் தின்கின்றன! ஒன்று கறுப்பு முதுகு மாங்குயில். அது வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். நஞ்சு அதிகமுள்ள தோலை ஒதுக்கிவிடும். மற்றது கறுப்புத் தலை குரோஸ்பீக். அதற்கு அந்த நஞ்சைத் தாங்கும் உடம்பு. கீழே விழுந்த பூச்சிகளை ஒருவகை எலி தின்னும். எல்லா மில்க்வீட் செடியிலும் ஒரே அளவு நஞ்சு இருக்காது. மாதங்கள் போகப் போக உடம்பில் உள்ள நஞ்சும் குறையும். ஆகவே அங்கே அவற்றைக் காப்பாற்றுவது கூட்டம். கோடிக்கணக்கில் சேர்ந்திருந்தால் பறவைகள் எத்தனையைத்தான் தின்றுவிடும்?

மார்ச் மாதம் வெயில் ஏறியதும் கிளம்புகின்றன. வடக்கே டெக்சாஸ் பக்கம் போய், புதிதாகத் துளிர்த்த மில்க்வீட்டில் முட்டையிட்டுவிட்டு இறந்துபோகின்றன. அவற்றின் பிள்ளைகள் இன்னும் வடக்கே போகும். பேரப்பிள்ளைகள் அதற்கும் வடக்கே. மூன்று நான்கு தலைமுறை சேர்ந்துதான் கனடாவரை திரும்புகின்றன.

இப்போது மனதுக்குக் கஷ்டமான ஒரு விஷயம். பூச்சிகளை எண்ண முடியாது. அதனால் குளிர்காலத்தில் அவை எத்தனை ஹெக்டேர் காட்டை மூடியிருக்கின்றன என்று அளப்பார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர். 2013-14இல் 0.67 ஹெக்டேர். முழுதாக ஒன்றுகூட இல்லை! 2024-25இல் 1.79.

ஏன் இப்படிக் குறைந்தது? காடு வெட்டியது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அந்தச் செடி. முன்பெல்லாம் அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களிலும் சோயா வயல்களிலும் பயிருக்கு நடுவே மில்க்வீட் முளைத்துக் கிடக்கும். களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பயிர் ரகங்கள் 1990களின் கடைசியில் வந்தன. அதன்பின் வயல் முழுக்க மருந்தடித்தார்கள். பயிர் நின்றது, மில்க்வீட் போயிற்று. நஞ்சைத் தாங்குகிற பூச்சி, 4,000 கிலோமீட்டர் பறக்கிற பூச்சி, பிள்ளைக்கு இலை இல்லை என்றால் என்ன செய்யும்? அதன் உணவும் அந்தச் செடிதான், அதன் ஆயுதமும் அந்தச் செடிதான். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் பள்ளித் தோட்டத்தில் மில்க்வீட் நடுகிறார்கள். சிறகில் சீட்டு ஒட்டும் வேலையும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

நம் ஊரில் மோனார்க் இல்லையே என்று வருத்தமா? அதன் நெருங்கிய சொந்தம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. பெயர் வெந்தய வரியன். அதே ஆரஞ்சு, அதே கறுப்பு ஓரம், அதே அவசரமில்லாத பறத்தல். எருக்கஞ்செடிப் பக்கம் போய் இலையின் அடியில் பாருங்கள். மோனார்க் புழுவைப் போலவே வரி வரியாக ஒரு புழு இருக்கலாம். மோனார்க் புழுவுக்கு முதுகில் இரண்டு ஜோடி கறுப்புக் கொம்புகள். நம் வெந்தய வரியன் புழுவுக்கு மூன்று ஜோடி. எண்ணிப் பாருங்கள். ஆனால் ஒன்று, எருக்கம்பாலைக் கையால் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும், பெரியவர் யாராவது கூட இருக்க வேண்டும். சரியா?

வெந்தய வரியனுக்கும் வேஷக்காரர் உண்டு. வேறொரு பட்டாம்பூச்சியின் பெண், அச்சாக வெந்தய வரியனைப் போலவே உடுத்திக்கொண்டு திரியும். அதன் ஆணோ கறுப்புச் சிறகில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டு வைத்திருக்கும். இரண்டும் ஒரே இனம் என்று சொன்னால் நம்பவே மாட்டீர்கள். அதன் புழு தின்பது பருப்புக்கீரை. நாம் கடைந்து சாப்பிடுவோமே, அதே கீரை. அதனால் அதன் உடம்பில் எருக்கின் நஞ்சு கிடையாது.

பறவை ஏமாறும். நீங்கள் ஏமாற வேண்டாம். அது பூவில் உட்காரும்போது பின்சிறகைப் பாருங்கள். நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அசல் வெந்தய வரியன். மேல் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது என்றால், கண்டுபிடித்துவிட்டீர்கள், அது வேஷக்காரி.